குண்டூசிப் பூவும் குஞ்சப் பூவும்

1861ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி லண்டன் லின்னேயன் சங்கத்தின் கூட்டத்தில் சார்ள்ஸ் டார்வின் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை வாசிக்கப்பட்டது. 'உயிரினங்களின் தோற்றம்' என்ற அவருடைய நூல் வெளிவந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மனிதன் குரங்கிலிருந்து வந்தவனா என்ற வாதம் இங்கிலாந்தின் தேவாலயங்களிலும் பத்திரிகைப் பத்திகளிலும் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் புயலின் நடுநாயகமாக இருந்தவர் அன்று சபையின் முன் வைத்த விடயமோ, கென்ற் மாவட்டத்து வயல் வரப்புகளில் வசந்த காலத்தில் பூக்கும் ஒரு சிறு மஞ்சள் பூவைப் பற்றியது.

கூர்ப்புக் கொள்கை, அதாவது பரிணாமக் கொள்கை, என்றவுடன் கலாபகஸ் தீவுகளும் அங்குள்ள குருவிகளும் ஆமைகளுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. ஆனால் டார்வின் தமது பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில், தாம் செய்த சிறு கண்டுபிடிப்புகளில் தமக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது இந்தப் பூக்களின் பொருளை அறிந்துகொண்டதுதான் என்று குறிப்பிட்டிருக்கிறார். ஒரே இனச் செடியில் இருவேறு அமைப்புக் கொண்ட பூக்கள் ஏன் இருக்கின்றன என்ற கேள்விக்கான விடை அது. அந்த விடையைத் தேடிய கதை டார்வினோடு முடிந்துவிடவில்லை. அதன் முக்கியமான ஓர் அத்தியாயம் 2016ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டது. இலங்கையின் பேராதனைக்கும் அந்தக் கதையில் ஒரு சிறு பங்கு உண்டு.

இருவகைப் பூக்கள்

பிரிமுலா என்ற தாவரச் சாதியைச் சேர்ந்தவை பிரிம்ரோஸ், கௌஸ்லிப் ஆகிய செடிகள். ஒரு கௌஸ்லிப் செடியின் பூவைப் பறித்து அதன் வாயை நோக்கினால் இரண்டு காட்சிகளில் ஒன்றைக் காணலாம். சில செடிகளில் பச்சை நிறமான ஒரு சிறு குமிழ், குண்டூசியின் தலைபோல நடுவில் தெரியும். அதுவே பெண்ணுறுப்பின் உச்சியாகிய குறி. அதைத் தாங்கும் தம்பம், அதாவது சூல்தண்டு, நீண்டு பூவின் வாய்வரை வந்திருக்கும். மகரந்தக்கூடுகளோ பூக்குழாயின் நடுப்பகுதியில் ஒளிந்திருக்கும். வேறு சில செடிகளில் இதற்கு நேர்மாறாக, ஐந்து மகரந்தக்கூடுகளும் வாயருகே வந்து நிற்கும். குறுகிய தம்பம் குழாயின் பாதியோடு நின்றுவிடும். நெசவாளர் தறியிலிருந்து அறுத்தெடுக்கும் நூல் முனைக் குஞ்சத்தைப் போல அது தோற்றமளிக்கும். இங்கிலாந்தின் பூச்செடி வளர்ப்போர் இவ்விரு வகைகளையும் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஒன்றைக் குண்டூசிக் கண் என்றும் மற்றதை நூற்குஞ்சக் கண் என்றும் அழைத்தனர்.

ஒரு செடியில் ஒரு வகைப் பூ மட்டுமே பூக்கும். இரண்டு வகைச் செடிகளும் ஒரே புல்வெளியில் கலந்து வளரும். டார்வின் தமது வீட்டின் அயலில் எழுந்தமானமாகப் பறிக்கப்பட்ட 522 பூங்கொத்துகளைக் கணக்கிட்டபோது, 241 நீள்தம்பப் பூக்களாகவும் 281 குறுந்தம்பப் பூக்களாகவும் இருந்தன. ஏறக்குறையச் சரிபாதி எனலாம். பூக்களின் வேறுபாடு தம்பத்தின் நீளத்தோடு நின்றுவிடவில்லை. குறுந்தம்பப் பூவின் மகரந்தமணிகள் மற்றதன் மணிகளைவிடத் தெளிவாகப் பெரியவை. குறியின் மேற்பரப்பும் இரு வகைகளிலும் வேறுபட்டிருந்தது.

வீழ்ந்த இரு விளக்கங்கள்

பூச்செடி வளர்ப்போர் அறிந்திருந்ததைத் தாவரவியலாளர்களும் அறிந்தே இருந்தனர். ஆனால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இயற்கையில் காணப்படும் எத்தனையோ சிறு வேறுபாடுகளில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டனர். டார்வினும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணினார். 1838 அல்லது 1839ஆம் ஆண்டளவில் ஆளிச் செடியின் இனமொன்றில் இத்தகைய இருவடிவத்தை அவர் கண்டிருந்தார். அது அர்த்தமற்ற வேறுபாடு என்பதே அவருடைய முதல் விளக்கம்.

பிரிமுலாவை ஆராய்ந்தபோது அந்த விளக்கம் போதவில்லை. அர்த்தமற்ற வேறுபாடு என்றால் இடைப்பட்ட நீளங்களும் இருக்கவேண்டும். இங்கோ இரண்டு வடிவங்களும் ஒழுங்காகவும் மாறாமலும் காணப்பட்டன. எனவே அவர் இரண்டாவது விளக்கத்துக்கு வந்தார். நீள்தம்பச் செடி மெல்ல மெல்லப் பெண் செடியாகவும், குறுந்தம்பச் செடி ஆண் செடியாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. பப்பாசியிலும் பனையிலும் உள்ளதைப்போல ஆண் வேறு பெண் வேறு என்ற நிலையை நோக்கி இந்த இனம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதே அது. அவருடைய கொள்கைக்கு மிகவும் இசைவான விளக்கம் அது. நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கும் ஒரு கூர்ப்பு மாற்றம் என்று அதை உலகுக்கு அறிவித்திருக்கலாம்.

ஆனால் அவர் அறிவிக்கவில்லை. சோதித்துப் பார்த்தார். விளக்கம் சரியென்றால் நீள்தம்பச் செடிகள் கூடுதலாக வித்துகளைத் தரவேண்டும். செடிகளை அடையாளமிட்டு, வித்துகளைச் சேகரித்து நிறுத்துப் பார்த்தபோது விளைவு எதிர்மாறாக இருந்தது. ஆணாக மாறிக்கொண்டிருப்பதாக அவர் கருதிய குறுந்தம்பச் செடிகளே அதிக வித்துகளைத் தந்தன. தமக்குப் பிடித்தமான விளக்கத்தை அத்தோடு அவர் கைவிட்டார். தன்வரலாற்றில் இந்தத் தோல்வியை அவர் ஒளிக்கவில்லை; எந்தச் சோதனை தமது கருத்தை வீழ்த்தியது என்பதைத் தெளிவாகவே எழுதிவைத்தார். உண்மை தமது கொள்கைக்கு உதவாதபோதும் அதை எழுதுவது எந்தத் துறையினருக்கும் எளிதான செயல் அன்று. நீண்டகாலம் செய்தி மேசையில் இருந்தவர்களுக்கு அந்தக் கடினம் நன்கு விளங்கும்.

பூச்சியின் உடலில் எழுதிய விடை

அடுத்ததாக அவர் நால்வகைச் சேர்க்கைகளையும் கையால் செய்து பார்த்தார். நீள்தம்பப் பூவுக்கு அதே வகையின் மகரந்தம், மற்ற வகையின் மகரந்தம். குறுந்தம்பப் பூவுக்கும் அவ்வாறே. பூச்சிகள் நுழையாதபடி வலையால் மூடப்பட்ட செடிகள் ஏறத்தாழ மலடாகவே நின்றன. கையால் செய்யப்பட்ட சேர்க்கைகளில் ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகையின் குறியைச் சேர்ந்தபோது வித்துகள் நிறைந்தன. தன் வகையின் மகரந்தமே சேர்ந்தபோது அவை குறைந்தன. முன்னதை முறையான சேர்க்கை என்றும் பின்னதை முறைகேடான சேர்க்கை என்றும் அவர் பெயரிட்டார்.

இப்போது உறுப்புகளின் உயரம் பொருள்பெற்றது. நீள்தம்பப் பூவின் குறி நிற்கும் அதே உயரத்தில் குறுந்தம்பப் பூவின் மகரந்தக்கூடுகள் நிற்கின்றன. குறுந்தம்பப் பூவின் குறி நிற்கும் உயரத்தில் மற்றதன் மகரந்தக்கூடுகள் நிற்கின்றன. தேன் தேடி வரும் வண்டு தன் நீண்ட உறிஞ்சியை உள்ளே நுழைக்கும்போது, குறுந்தம்பப் பூவின் மகரந்தம் உறிஞ்சியின் அடியிலும் நீள்தம்பப் பூவின் மகரந்தம் அதன் நுனியை அண்டியும் ஒட்டுகின்றன. அடுத்த பூவுக்குச் செல்லும்போது ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்தில் உள்ள குறியையே தொடுகிறது. இறந்த வண்டின் உறிஞ்சியையும் ஊசியையும் பூவுக்குள் நுழைத்து, மகரந்தம் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதை டார்வின் நேரில் பார்த்து உறுதிசெய்தார்.

ஒரே இனத்தின் இரு பாதிகள். இரண்டும் ஆணும் பெண்ணுமாக முழுமையானவை. ஆயினும் ஒன்றுக்கு மற்றது தேவை. நெருங்கிய உறவில் பிறக்கும் நலிந்த சந்ததியைத் தவிர்த்து, அயற்செடியோடு கலப்பதை உறுதிசெய்யும் ஏற்பாடு இது. இந்தக் கலப்பினால் விளையும் நன்மையை 1876இல் வெளிவந்த வேறொரு நூலில் அவர் விரிவாக நிறுவினார்.

மூவகைப் பூ

ஆளிச் செடியின் சில இனங்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1863இல் வாசிக்கப்பட்டது. செந்நிறப் பூக்களைக் கொண்ட ஓர் ஆளியினத்தில் விளைவு இன்னும் கடுமையாக இருந்தது. நீள்தம்பப் பூவின் மகரந்தத்தை அதே வகைப் பூவின் குறியில் வைத்தால், உயிரற்ற தூசியை வைத்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

அதற்கும் மேலான புதிர் லித்ரம் என்ற ஊதாநிறப் பூச்செடியில் காத்திருந்தது. அதில் பூக்கள் மூவகை. நீண்ட தம்பம், நடுத்தரத் தம்பம், குறுகிய தம்பம். ஒவ்வொரு பூவிலும் பன்னிரண்டு கேசரங்கள், ஆறு ஆறாக இரு உயரங்களில். தம்பம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதைத் தவிர்ந்த மற்ற இரண்டு உயரங்களிலும் கேசரங்கள் இருக்கும். மிக நீண்ட கேசரங்களின் மகரந்தம் பச்சை நிறம்; ஏனையவை மஞ்சள். மூவகைத் தம்பங்களுக்கும் ஆறுவகைக் கேசரங்களுக்கும் இடையே பதினெட்டுச் சேர்க்கைகள் இயலும். பதினெட்டையும் டார்வின் கையால் செய்தார். அவற்றுள் ஆறு மட்டுமே முழு வளமுடையவை என்றும், அவை யாவும் தம்பமும் கேசரமும் ஒரே உயரத்தில் இருக்கும் சேர்க்கைகளே என்றும் கண்டார். நோயினால் நாளில் சில மணிநேரமே உழைக்க முடிந்த ஒருவர், சிறு சாவணத்தாலும் தூரிகையாலும் வீட்டுத் தோட்டத்தில் செய்த வேலை இது. 1864 ஜூன் மாதத்தில் அக்கட்டுரை வாசிக்கப்பட்டது.

முறைகேட்டின் பிள்ளைகள்

இது வெறும் பூச்செடிக் கணக்கு அன்று. அக்கால அறிஞர்கள் பலர் உயிரினங்களுக்கிடையே கடக்க முடியாத மதில் ஒன்று உண்டு என நம்பினர். இரு இனங்களைக் கலந்தால் சந்ததி மலடாகும்; அந்த மலட்டுத்தன்மையே இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்பதற்கான சான்று என அவர்கள் வாதிட்டனர்.

டார்வின் முறைகேடான சேர்க்கைகளில் விளைந்த வித்துகளை முளைக்கவைத்து வளர்த்தார். அவற்றிற் பல குட்டையாகவும் நலிந்தும் மலட்டுத்தன்மை மிகுந்தும் இருந்தன. இரு வேறு இனங்களின் கலப்பில் பிறந்த செடிகளின் இயல்புகள் அத்தனையும் அவற்றில் காணப்பட்டன. ஆனால் அவற்றின் தாயும் தந்தையும் ஒரே இனம். ஒரே தாய்ச் செடியிலிருந்து பிறந்த உடன்பிறப்புகளாகவும் இருக்கக்கூடியவை. எனவே மலட்டுத்தன்மையை இனங்களின் எல்லைக்கோடு எனக் கொள்ள முடியாது. 1868இல் வாசிக்கப்பட்ட இந்தக் கட்டுரை, 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் மிகக் கடினமான ஓர் எதிர்வாதத்துக்கு அவர் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பதிலாகும்.

பேராதனையிலிருந்து சென்ற பூக்கள்

டார்வின் தனித்து உழைத்தவர் என்ற எண்ணம் பிழையானது. ஜேர்மனியில் பிரீட்ரிஷ் ஹில்டபிரான்ட் இதே பூக்களை ஆராய்ந்தார். வேறுபட்ட தம்ப அமைப்பைக் குறிக்கும் சொல்லையும் டார்வின் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டார். பிரேசிலின் தென்பகுதியில் குடியேறியிருந்த பிரிட்ஸ் முல்லர் அங்கிருந்து தாவரங்களைப் பற்றிய செய்திகளை இடைவிடாது அனுப்பினார். அமெரிக்காவின் ஆசா கிரே நெடுங்காலக் கடிதத் தோழர். 1877இல் 'ஒரே இனத் தாவரங்களில் பூக்களின் வெவ்வேறு வடிவங்கள்' என்ற நூலாக எல்லாக் கட்டுரைகளும் திருத்திச் சேர்க்கப்பட்டபோது, டார்வின் அந்நூலை ஆசா கிரேக்கே காணிக்கையாக்கினார்.

அந்நூலில் இலங்கையின் பெயரும் இடம்பெற்றுள்ளது. 1849 முதல் 1880 வரை பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜோர்ஜ் துவைட்ஸ். இலங்கைத் தாவரங்களை இலத்தீன் மொழியில் பட்டியலிட்டு நூலாக வெளியிட்டவரும் அவரே. கோக்கா போதைச் செடியின் உறவான, சேத்தியா என அப்போது அழைக்கப்பட்ட தாவரமொன்றில் தம்பம் நீண்ட வடிவம், கேசரம் நீண்ட வடிவம் என இரண்டு இருப்பதை அவர் ஏற்கெனவே பதிவுசெய்திருந்தார். அதன் பூக்களை டார்வினுக்கு அனுப்பியும் வைத்தார். அவை சந்தேகத்துக்கிடமின்றி இருவடிவத் தம்பப் பூக்களே என டார்வின் தமது நூலில் எழுதினார். பேராதனைக்காரர் வேறுபாட்டைக் கண்டார். அதன் பொருளைக் கண்டவர் கென்ற் மாவட்டத்தில் இருந்தார். அறிவியல் பெரும்பாலும் இவ்வாறான கைமாற்றங்களினாலேயே வளர்ந்திருக்கிறது.

அவர் காணாத விடை

ஒரு கேள்விக்கு மட்டும் டார்வினிடம் விடை இருக்கவில்லை. இரண்டு வடிவங்களும் ஏன் தலைமுறை தலைமுறையாகச் சரிபாதியாகவே பிறக்கின்றன? அவர் வளர்த்த நாற்றுகளில் அதற்கான தடயங்கள் இருந்தன. நீள்தம்பச் செடியை அதே வகையோடு சேர்த்தால் சந்ததி பெரும்பாலும் நீள்தம்பமே. ஆனால் அதை விளக்கும் திறவுகோல், 1866இல் புருனோ நகரத்துத் துறவி கிரகர் மெண்டல் வெளியிட்டு எவரும் கவனிக்காமல் கிடந்த கட்டுரையில் இருந்தது. டார்வின் 1882இல் மறைந்தார். மெண்டலின் விதிகள் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது 1900இல்.

1905இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வில்லியம் பேற்சனும் கிரகரியும் விடையைக் கண்டனர். குறுந்தம்பம் ஆட்சியுடைய இயல்பு, நீள்தம்பம் பின்னிடைவானது. குறுந்தம்பச் செடியிடம் அந்த ஆட்சிக் காரணி ஒன்று மட்டுமே இருக்கும். எனவே முறையான ஒவ்வொரு சேர்க்கையிலும் பிள்ளைகளில் பாதி தாயைப்போலவும் பாதி தந்தையைப்போலவும் அமைகின்றன. 241க்கு 281 என்ற கணக்கின் பின்னால் இருந்த விதி இதுவே.

ஆனால் தம்பத்தின் நீளம், கேசரத்தின் உயரம், மகரந்தமணியின் அளவு என்ற பல இயல்புகள் எவ்வாறு ஒரே பொட்டலமாகக் கைமாறுகின்றன? நெருங்கிப் பிணைந்த மரபணுக்களின் தொகுதியொன்று இருக்கவேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டு முழுவதும் கருதப்பட்டது. அதன் இரு பதிப்புகள் இரு நிறமூர்த்தங்களிலும் இருப்பதாகவும், அவை அரிதாகத் துண்டுகளை மாற்றிக்கொள்வதாகவும் பாடநூல்கள் கூறின. 2016இல் பிலிப் கில்மார்ட்டின் தலைமையிலான பிரித்தானிய ஆய்வுக்குழு அந்தப் பாடத்தையே மாற்றியது. அத்தொகுதியில் ஐந்து மரபணுக்கள் உள்ளன. அவை குறுந்தம்பச் செடியில் மட்டுமே, அதுவும் ஒரே பிரதியாக உள்ளன. நீள்தம்பச் செடியில் அந்தத் துண்டே இல்லை. துணைப் பிரதி இல்லாதபடியால் துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. ஆகவேதான் பொட்டலம் அவிழாமல் இருந்திருக்கிறது. அதன் தோற்றம் ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது என்பது அவர்களுடைய மதிப்பீடு. அதே ஆண்டில் ஜேர்மனியின் மைக்கேல் லென்ஹார்ட் குழுவினர், அந்த ஐந்தில் ஒரு மரபணு, வளர்ச்சியைத் தூண்டும் ஓமோனைச் சிதைப்பதன் மூலம் தம்பத்தைக் குறுகச் செய்வதை நிறுவினர்.

இவ்வமைப்பு எவ்வாறு படிப்படியாகத் தோன்றியது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. தன்வகை மகரந்தத்தை மறுக்கும் இயல்பு முதலில் தோன்றி உயர வேறுபாடு பின்னர் வந்தது என்போர் ஒருபுறம். மகரந்தம் வீணாகாமல் சேரவேண்டிய இடம் சேர்வதற்காக உயர வேறுபாடே முதலில் வந்தது என்போர் மறுபுறம். பின்னையது டார்வினின் எண்ணத்துக்கு நெருக்கமானது. கோப்பிச் செடியின் குடும்பம் உட்பட ஏறத்தாழ 28 தாவரக் குடும்பங்களில் தனித்தனியாகப் பலமுறை தோன்றிய அமைப்பாதலால், எல்லா இடங்களிலும் ஒரே வழியில்தான் தோன்றியது என்று கொள்ளவும் வேண்டியதில்லை.

துணையை இழக்கும்போது

இத்தகைய ஏற்பாட்டின் பலவீனம் அதன் அழகிலேயே உள்ளது. ஒரு பாதி குறைந்தால் மறுபாதி என்ன செய்யும்? இங்கிலாந்தின் சொமர்செற் மாவட்டத்திலும் சில்ற்றேர்ன் குன்றுகளிலும் குறியும் மகரந்தக்கூடும் ஒரே உயரத்தில் நிற்கும் பிரிம்ரோஸ் செடிகள் கடந்த நூற்றாண்டின் நாற்பதுகளில் ஆராயப்பட்டன. அவை வண்டை எதிர்பாராமல் தம்மைத் தாமே கருக்கட்டிக்கொள்கின்றன. துணை வேண்டாம் என்ற வழி அது. உடனடியாக வித்து கிடைக்கும். தலைமுறைகள் செல்லச்செல்ல மரபு வளம் சுருங்கும்.

மற்றொரு வழியை இலங்கையர் தம் குளங்களிலும் வாவிகளிலும் காண்கின்றனர். கிழக்கில் ஆற்றுவாழை என்றும் வேறு இடங்களில் ஆகாயத்தாமரை என்றும் அழைக்கப்படும் ஊதாப் பூச்செடி, லித்ரம் போன்று மூவகைத் தம்பங்களைக் கொண்டது. ஆனால் மூன்றும் காணப்படுவது அதன் தாயகமான தென்னமெரிக்காவிலேயே. அழகுக்காக உலகெங்கும் எடுத்துச் செல்லப்பட்ட செடிகள் பெரும்பாலும் நடுத்தரத் தம்ப வகையினவே. பிரிந்துவந்த அந்த ஒரு வகை, தண்டிலிருந்து தண்டாகக் கிளைத்தே நீர்ப்பரப்புகளை மூடிவிட்டது. தாயகத்துக்கு வெளியேயுள்ள ஆற்றுவாழைக் கூட்டங்களில் பெரும்பாலானவை ஒரே செடியின் நகல்கள் என்பதை 2010இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இலங்கையில் இதை ஒழிப்பதற்கென்றே 1909இல் தனியொரு கட்டளைச் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. சட்டத்துக்கும் செடி அடங்கவில்லை.

கௌஸ்லிப்புக்கு அப்படிக் கிளைத்துப் பரவும் ஆற்றல் இல்லை. அது இரு வகையும் கலந்த கூட்டத்தையும் வண்டையுமே நம்பியிருக்கிறது. 2019இல் எஸ்தோனியாவில் பாடசாலை மாணவர்களும் பொதுமக்களும் புல்வெளிகளில் இறங்கி, பூவின் வாயைப் பார்த்துக் குண்டூசியா குஞ்சமா என்று கணக்கெடுக்கத் தொடங்கினர். அந்த முயற்சி பின்னர் ஐரோப்பாவின் வேறு நாடுகளுக்கும் விரிந்தது. குறுந்தம்பப் பூக்கள் சற்றுக் கூடுதலாக இருப்பதை எஸ்தோனியக் கணக்கெடுப்பு காட்டியது. டார்வினின் 522 கொத்துகளிலும் சாய்வு அந்தப் பக்கமே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. கூட்டம் சிறிதாகச் சிறிதாகச் சரிபாதிக் கணக்கு அதிகம் குலைகிறது என்பதும் அதில் தெரியவந்தது. பழைய மேய்ச்சல் நிலங்கள் உழப்பட்டும் காடு மண்டியும் துண்டு துண்டாகும்போது, ஒரு துண்டில் ஒரு வகை மிஞ்சுகிறது. மற்றத் துண்டில் மற்ற வகை. பூக்கள் வழமைபோலவே பூக்கின்றன. வழியால் செல்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. வித்து கட்டாததை எண்ணிப் பார்ப்பவருக்கே அது தெரியும்.